விருந்தினர் உண்ணாத சித்திரைக் கஞ்சி

ஆழியைக் கடைந்த போதில் அமுதினைக் கேட்டார் பல்லோர்
ஊழியின் இருளாய் வந்த உறுவிடம் கேட்டார் இல்லை
தாழிடா மிடற்றில் ஏற்றுத் தரித்தவன் ஒருவன் தாளே
வாழியென் றிருப்ப தல்லால் வழிபிறி தறியேன் யானே.

அமுதம் வேண்டிக் கடலைக் கடைந்தவர்களின் கதையைப் பண்ணோடு பாடியே வளர்ந்தவன் நான். முதுமையில் அக்கதையின் ஒரு பகுதி மட்டுமே மனத்தில் தங்கி நிற்கிறது. கயிறு பிடித்து இழுத்தவர்கள் அனைவரும் நஞ்சு எழுந்தபோது பின்வாங்கினார்கள். அதைக் கண்டத்தில் தாங்கியவனை வணங்கி எழுதத் தொடங்குகிறேன்.

இன்று சித்திரா பூரணை. ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்க்கும், சித்திரா பூரணை தாயை இழந்தவர்க்கும் விரத நாள் என்பது யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் வழிவழியாக வரும் முறை. பிள்ளைகள் காலையில் நீராடி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, சித்திரைக் கஞ்சி காய்ச்சிப் படைப்பார்கள். தாம் உண்ணுமுன் வெளியார் ஒருவரை அழைத்து இருத்தி உண்பிப்பார்கள். எங்கள் வீட்டு முறைப்படி, அந்த விருந்தினர் உண்ட பின்னரே விரதம் நிறைவெய்தும். மனைவியை இழந்த கணவனுக்கு இந்நாளில் விதித்தது எதுவுமில்லை. ஆயினும் நான் காலையிலிருந்து எதுவும் உட்கொள்ளவில்லை.

என் மகன் இன்று நோர்வேயின் வடகோடியில் இருக்கிறான். கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு ஒரு முதியவரின் வீட்டுக்குப் போகிறான். அவர் முன்னொரு சித்திரா பூரணையில், ஒஸ்லோவில் என் வீட்டு மேசையிலிருந்து, எங்கள் கஞ்சியை உண்ணாமல் எழுந்து போனவர். அன்று நிறைவெய்தாத விரதம் இன்றுவரை நிறைவெய்தவில்லை என்பது மகனின் முடிவு. அவர் கதவைத் திறப்பாரா, திறந்தாலும் உண்பாரா என்பது எனக்குத் தெரியாது. ஒஸ்லோவில், ஹவுகெட்டோ தொடருந்து நிலையத்துக்கு மேலே இருக்கும் இந்த மாடி வீட்டில், தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டு, நடந்ததை எழுதுகிறேன்.

அந்த வடக்கு ஊரின் பெயர் இங்கு வேண்டாம். நாட்டைவிட்டு வந்த எங்களுக்கு அக்காலத்தில் எளிதாகக் கிடைத்த வேலை, வடக்கே மீன் ஆலைகளில் இருந்தது. நானும் மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்தோம். புலால் தொடாத வீட்டில் பிறந்த நான் பகல் முழுவதும் மீனைப் பிளந்தேன். மாலையில் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டுத் திருநீறு அணிந்தேன். விரல்களில் மீன் வாடை அப்படியே இருக்கும். அந்த வாடையோடுதான் பாடினேன். கேட்பவன் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை என்று நம்புகிறேன். என் மனைவிக்கு அப்படிப்பட்ட தடுமாற்றம் எதுவும் இருந்ததில்லை. கத்தியில் அவள் என்னிலும் விரைவானவள். "இந்தக் கடல்தான் எங்களுக்குச் சோறு போடுது. அதை அருவருத்தால் பாவம்" என்பாள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் அந்த முதியவர். அப்போது நடுவயதினர், படகு வைத்து மீன் பிடிப்பவர், நோர்வேயின் வடபகுதிப் பழங்குடியான சாமி இனத்தின் கடலோரப் பிரிவினர். இரண்டாம் உலகப் போரின் முடிவில், பின்வாங்கிய அந்நியப் படை அந்தக் கரையிலிருந்த வீடுகளை எல்லாம் எரித்துவிட்டுப் போனது. மக்கள் திரும்பி வந்து மண்குடிசைகளில் குளிர்காலம் கழித்தார்கள். பின்னர் அரசு வரிசையாக வீடுகள் கட்டிக் கொடுத்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். அப்படிப்பட்ட வீடு ஒன்றில் பிறந்தவர் அவர். போர், தீ, வெளியேற்றம் என்று நாங்கள் சொன்னபோது அவர் விளக்கம் கேட்கவில்லை. தலையை அசைத்துவிட்டு, எங்கள் அடுப்புக்கு விறகு கொண்டுவந்து இறக்கினார்.

என் பிள்ளைகள் இருவரும் அந்த ஊரில் பிறந்தார்கள். பாட்டன் என்று சொல்ல அவர்களுக்கு அருகில் ஒருவரும் இல்லாதபடியால், அவரைப் 'பெஸ்டெஃபார்' என்றார்கள். அந்நாட்டு மொழியில் பாட்டன் என்று பொருள். மீன் ஆலை மூடப்பட்டபின் நாங்கள் தெற்கே ஒஸ்லோவுக்கு வந்தோம். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையிலும், மனைவி மருத்துவமனைத் துப்புரவிலும் மீதி வேலைக்காலத்தைக் கழித்தோம்.

அவள் நோயுற்று இறந்தபோது, தன் சாம்பலை அந்த வடக்கு ஃபியோர்ட்டில் கரைக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். ஃபியோர்ட் என்பது மலைகளுக்கிடையே நீண்டு நுழைந்து கிடக்கும் கடல். உரிய அனுமதி பெற்றுக்கொண்டு போனோம். பக்கத்து வீட்டுக்காரரே படகு ஓட்டினார். நடுக்கடலில் இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். மகன் சாம்பலை நீரில் விட்டான். அதன்பின் பூக்களை விட்டான். கரை நோக்கித் திரும்பியபோது, பின்னால் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். நீரில் விட்டது நீருக்கு உரியது. உடம்பு மண்ணுக்கும் நீருக்கும் போக, உயிர் திருவடிக்குப் போகிறது. திரும்பிப் பார்ப்பது, போகிறவளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். இப்படித்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அப்படித்தான் நானும் சொன்னேன். நான் பார்க்கவில்லை.

மகன் பொறியியல் படித்து ஒஸ்லோவில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான். கடலடி நீரோட்டங்களைக் கணினியில் வரைந்து கணக்கிடுவது அவன் வேலை. எண்ணெய்க் கிணறுகளுக்கும், கடலுக்குள் நடும் காற்றாலைகளுக்கும் அந்தக் கணக்குத் தேவைப்படும். இரவும் பகலும் உழைத்தான். நானும் பெருமைப்பட்டேன். ஒரு குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், கோப்பையைக் கையில் வைத்தபடி, எங்கள் பழைய ஊருக்கு மேலேயுள்ள மலையில் செம்புச் சுரங்கம் திறக்கப்போகிறார்கள் என்றான். மலையை உடைத்து மாவாக அரைத்துச் செம்பைப் பிரித்து எடுப்பார்கள். எஞ்சிய கல்மாவைத் தண்ணீரோடு கலந்து, குழாய் வழியாக ஃபியோர்ட்டின் அடியில் விடுவார்கள். அந்தக் கல்மா எங்கே போய்ப் படியும் என்று கணக்கிடும் பொறுப்பு அவன் நிறுவனத்திடம் வந்திருந்தது. அங்கிருந்து அவன் மேசைக்கு வந்திருந்தது.

அது எந்தக் கடல் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. விட்டுவிடலாமே என்று மட்டும் சொன்னேன்.

"நான் விட்டால் இன்னொருவன் செய்வான், அப்பா. அவனுக்கு அந்த இடம் தெரியாது" என்றான். பிறகு, சினமில்லாமல்தான், பூசை அறைப் பக்கம் கையைக் காட்டினான். "உங்கட தீர்த்தச் செம்பும் எங்கேயோ ஒரு மலையை உடைச்சு வந்ததுதானே. அந்த மலைக்குப் பக்கத்தில ஆர் இருந்தவை எண்டு ஆரும் கேட்டவையோ?"

அந்தச் செம்பை நாள்தோறும் புளியிட்டுத் துலக்குகிறவன் நான். அது எந்த மலையின் வயிற்றிலிருந்து வந்தது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்கள் நாட்டிலும் போர் முடிந்த கையோடு, இனி வளர்ச்சிதான் என்று மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். மன்னார்த் தீவின் மணலில் துளையிட்டுக் கனிமம் தேடுகிறார்கள் என்று இந்தக் கட்டடத்தின் கீழ்மாடியில் இருக்கும் மன்னார்க்காரர் சொல்லி வருந்துவார். அவருக்கு நான் ஆறுதல் சொன்னதுண்டு. அந்த ஆறுதல்கள் எவ்வளவு மெலிந்தவை என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

வசந்தம் தொடங்கியபோது முதியவர் தொலைபேசியில் அழைத்தார். சுரங்கத்தை எதிர்த்து, ஊராரும் பல பக்கத்து இளைஞரும் ஒஸ்லோவில் அமைச்சகத்தின் முன் அமரப் போவதாகவும், தானும் வருவதாகவும் சொன்னார். தங்க இடம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. எங்கள் வீடு இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அவர் வருவது சித்திரா பூரணைக்கு முந்திய நாள். அவளைக் கடலுக்குக் கொண்டுபோன படகுக்காரரைவிட அந்த நாளுக்குத் தகுந்த விருந்தினர் எவர் இருக்க முடியும் என்று என் மனம் குளிர்ந்தது.

மகனிடம் சொன்னேன். "வரட்டும். நான் என்ன வேலை செய்யிறன் எண்டு நானே சொல்லுறன். நீங்கள் சொல்ல வேண்டாம்" என்றான். அது அவன் உரிமை. நான் ஒத்துக்கொண்டேன்.

முதியவர் வந்தார். மெலிந்திருந்தார். படகுக்காரரின் கைகள் மட்டும் முன்போலவே பெரிதாக இருந்தன. வீட்டுக்குள் வந்ததும் சுவரில் இருந்த அவள் படத்தின் முன் போய் நின்றார். சுரங்கத்தைப் பற்றி அன்று அவர் சொன்னதை என் பேச்சில் தருகிறேன். "முதல்ல அரசாங்கம் வீடு தந்தது. நன்றி சொன்னம். பிறகு மின்சாரத்துக்கு ஆறைக் கேட்டது. நாட்டைக் கட்ட வேணும் எண்டார்கள், குடுத்தம். பிறகு மலையைக் கேட்டது. இப்ப கடலின்ர அடியைக் கேட்குது. இந்த நாடு இன்னும் கட்டி முடியேல்லையோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரித்து நான் கண்ட கடைசித் தடவை அது.

மறுநாள் காலை மகன் ஹவுகெட்டோவுக்குக் கீழேயுள்ள கடற்கரையில் இறங்கி முழுகினான். இந்நாட்டுச் சித்திரைக் கடல் எலும்புவரை உறைக்கும். நடுக்கம் தீராமலே கோயிலுக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். வீட்டில் மகள் பச்சையரிசியும் வறுத்த பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினாள். தாயின் படத்துக்குப் படைத்தபின், முதியவரை மேசையில் இருத்தி அவர் முன் வாழையிலை போட்டு, கிண்ணத்தில் கஞ்சியை வார்த்தாள். நாங்கள் மூவரும் நின்றோம்.

அவர் உண்ணவில்லை. நோர்வேக்காரர் வழக்கப்படி, எல்லோரும் அமர்ந்து எல்லோருக்கும் பரிமாறிய பின்னரே கரண்டியை எடுப்பார். எங்கள் வழக்கப்படி, அவர் உண்டு முடிக்கும்வரை நாங்கள் அமரக் கூடாது. மகள் உண்ணச் சொல்வாள். அவர் நன்றி சொல்லிக் காத்திருப்பார். மறுபடியும் சொல்வாள். அவர் மறுபடியும் நன்றி சொல்லி எங்கள் வெறுங் கதிரைகளைப் பார்ப்பார். ஆவி அடங்கிக் கஞ்சியின் மேல் ஆடை படர்ந்தது. "தம்பி, நீயாவது இரு. மனிசன் சாப்பிடுறதுக்கிடையில கஞ்சி களியாப் போயிடும்" என்று மகள் தம்பியை இடித்தாள். அவன் வெற்று இலையின் முன் அமர்ந்தான். முதியவர் நிறைவோடு கரண்டியை எடுத்தார். எடுத்தவர், மரியாதைக்கு ஒரு பேச்சாக, இப்போது என்ன வேலை செய்கிறாய் என்று அவனைக் கேட்டார்.

கரண்டி வாய்க்குப் போயிருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்குமோ என்று பல நாள் எண்ணியிருக்கிறேன்.

கடலடி நீரோட்டம் கணக்கிடும் வேலை என்று மகன் சொன்னான். முதியவர் கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தார். தங்கள் ஃபியோர்ட்டையும் ஒஸ்லோவில் எவனோ ஒருவன் திரைக்கு முன் இருந்து வரைந்திருக்கிறான், அடித்தண்ணீர் அசையாமல் தூங்குகிறது என்று எழுதியிருக்கிறான், அவனைக் கண்டால் ஒரு பனிக்காலம் தன் படகில் கூட்டிப்போய், அது எப்படிப் புரள்கிறது என்று காட்ட வேண்டும் என்றார்.

"அது நான்தான், பெஸ்டெஃபார்."

முதியவர் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு, தாய் அங்கே இருப்பது தெரிந்துமா என்று கேட்டார்.

தெரியும், முதலில் பார்த்ததே அதைத்தான் என்றான். சாம்பல் கரைத்துவிட்டுத் திரும்பியபோது, நான் சொன்னதையும் மீறி அவன் பின்னால் பார்த்திருக்கிறான். தேவாலயக் கோபுரமும் மலைப் பிளவும் ஒரு கோட்டில் வந்தன. மறுபக்கம் சிவப்புப் படகுக் கொட்டிலும் கடல்முனையும் ஒரு கோட்டில் வந்தன. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டான். அப்படிக் கடலில் இடம் பிடிக்க அவனுக்குக் கற்றுத் தந்தவர் முதியவரே. குழாயின் வாயை வைக்க வரைபடத்தில் இரண்டு இடங்கள் பொருந்தி வந்தன. கணக்கு இரண்டையும் சமமாகவே ஏற்றது. எது நல்லது என்று பரிந்துரைக்கும் வேலை அவனுக்கு வந்தது. ஒன்று, தாயின் சாம்பல் கரைத்த இடம்.

"நான் மற்ற இடத்தை எழுதினனான்" என்றான்.

"மற்ற இடம் என்ர வீட்டுக்கு முன்னால கிடக்கு. நான் வலை போடுற இடம்."

"ஓம்."

இவ்வளவுதான் பேச்சு. குரல் உயரவில்லை. முதியவர் கதிரையைப் பின்னால் நகர்த்தி எழுந்தார். கஞ்சியை ஒருமுறை குனிந்து பார்த்தார். மன்னிக்கும்படி மகளிடம் சொன்னார். அவள் அழத் தொடங்கினாள். அவர் உண்ணாவிட்டால் தம்பியின் விரதம் முடியாது என்று அவருடைய மொழியில் சொன்னாள். அவர் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, தான் பட்டினிக்குப் பழகியவர் என்றும், அவனும் பழகிக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். மேலங்கியையும் பையையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தார். நான் படி இறங்கிப் பின்னே போனேன். தண்டவாள மேடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். தொடருந்து வந்தபோது என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கு எதிராக அவருக்கு எதுவும் இல்லை என்பதை அந்த அழுத்தத்தில் அறிந்தேன். அதனாலேயே அது பொறுக்க முடியாததாக இருந்தது.

திரும்பி வந்தபோது மகன் அதே கதிரையில் இருந்தான். "மகன், அம்மா அங்கை இல்லை. கரைச்சதோட எல்லாம் போச்சு. கடல் முழுக்க ஒண்டுதான்" என்றேன்.

"அப்ப ஏன் எங்களைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனனீங்கள்?" என்று கேட்டான்.

வாழ்நாளெல்லாம் பாடிய பாட்டுகளில் இதற்கு விடை இருக்கிறது. எனக்கு அது தெரியும். நாவில் வரவில்லை. உடம்பு பொய், சாம்பலுக்கு இடமில்லை என்று நான் கற்பித்த பிள்ளை, தாயின் சாம்பலுக்கு ஓர் இடம் வைத்துக் காத்திருக்கிறான். அதைக் காக்க, தன்னைத் தோளில் சுமந்த ஒருவரின் வீட்டு வாசலில் மலையின் கழிவைக் கொட்டும்படி எழுதியிருக்கிறான். அன்பு இப்படியும் செய்யும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அவன் அன்று உண்ணவில்லை. மகளும் நானும் உண்ணவில்லை. கஞ்சியை மாலையில் பறவைகளுக்கு வைத்தோம். பனி நீங்காத புல்லில் அது அப்படியே கிடந்தது.

அமைச்சகத்தின் முன் இளைஞர்கள் கல்தரையில் அமர்ந்திருந்தார்கள். நான் அங்கே போய் வீதியின் மறுபக்கத்தில் நின்றேன். முதியவரும் அமர்ந்திருந்தார். காவலர் வந்து ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அவரைத் தூக்கியவர்கள் கவனமாகத்தான் தூக்கினார்கள், நோயாளியைத் தூக்குவதுபோல. அவர் என்னைக் கண்டாரோ தெரியாது. பிறகு வடக்கே போய்விட்டார்.

சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்தது. வேலைவாய்ப்பு, தேசத்தின் தேவை, எதிர்காலம் என்று செய்தியில் சொன்னார்கள். மின்சார வண்டிகளுக்குச் செம்பு வேண்டும். என் மகளும் அப்படி ஒரு வண்டியில்தான் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள். அடுத்த சித்திரா பூரணை வந்தது. மகன் முழுகினான், எள் இறைத்தான். விருந்தினராகக் கோயிலிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். அவர் வயிறார உண்டு வாழ்த்திவிட்டுப் போனார். மகன் இலையின் முன் அமரவில்லை. "அவர் சாப்பிடேல்லை" என்றான். எவரைச் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலைவரை பட்டினி கிடந்து வேலைக்குப் போனான். அந்த நிறுவனத்தை அவன் விடவில்லை. தான் விட்டாலும் குழாய் இடம் மாறாது என்பான்.

சென்ற இலையுதிர்காலத்தில் குழாய் திறக்கப்பட்டது. அடித்தண்ணீரில் படிந்து நிற்கும் என்று கணக்குச் சொன்ன கல்மா, எப்படியோ மேலே வந்தது. புயல் கலக்கியது என்றார்கள். பின்பு குழாயில் பழுது என்றார்கள். குளிர்காலத்தில் ஒரு நாள் முதியவர் என்னை அழைத்தார். நலம் கேட்டார். வலைகளைக் கழுவி மேலே ஏற்றிவிட்டதாகச் சொன்னார். நான் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

"உன்ர மகள் எனக்கு வார்த்த கஞ்சி. அந்த நிறம்" என்றார்.

அதை மகனிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் எண்ணி, சொன்னேன். அவன் எழுந்து போய் யன்னலடியில் நின்றான். இந்த முறை சித்திரா பூரணைக்கு வடக்கே போகிறேன் என்றான். படகில் ஏற்றும்படி கேட்க மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன், அது மலிவு என்றான். கஞ்சியை அவர் வாசலில் நின்று கொடுப்பேன், அவர் கையால் என் முகத்தில் ஊற்றினாலும் சரி என்றான். மகள் அரிசியும் பயறும் பொதி கட்டிக் கொடுத்தாள். நேற்று விமானம் ஏறினான்.

இவ்வளவு எழுதியபோது மாலையாகிவிட்டது. தொலைபேசி மணி அடித்தது. பேசி முடித்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

அவன் காலையில் அந்த ஃபியோர்ட்டில் இறங்கி முழுகியிருக்கிறான். தன் தாய் இருக்கும் இடத்தில் அல்ல. முதியவரின் வீட்டுக்கு முன்னால், குழாயின் பக்கத்தில், அந்தச் சாம்பல் நிறத் தண்ணீரில். அங்கேயே எள்ளை இறைத்திருக்கிறான். முதியவர் யன்னலில் நின்று பார்த்திருக்கிறார். அங்கு தங்கிய விடுதிச் சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான். நெடுநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது.

"உள்ளுக்கு வரச் சொல்லேல்லை, அப்பா. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு படியில இருந்தவர். நான் கீழ்ப்படியில இருந்தனான்."

"சாப்பிட்டவரோ?"

"ஓம். முழுக்க. இது உன்ர அம்மாவுக்கு, உனக்கில்லை எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிட்டவர்."

"நீ?"

"பிறகு நானும் சாப்பிட்டனான். வாயில வைச்ச முதல் கவளம் கனநேரம் இறங்கேல்லை. அவர் சொன்னது சரி, அப்பா. அதே நிறம்தான்."

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதியவர் கதவைச் சாத்தியிருக்கிறார். அடுத்த ஆண்டு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. விரதம் நிறைவெய்தியது. கடல் அப்படியே இருக்கிறது. குழாய் இன்றும் ஓடுகிறது, நாளையும் ஓடும். நான் எழுந்து அடுப்பை மூட்டி, மகள் மூடி வைத்துவிட்டுப் போன கஞ்சியைச் சுடவைத்து உண்டேன். செம்பைத் துலக்கி வைத்தேன்.

இதைப் படிப்போர் எல்லோருக்கும் உண்ணும் சோறு தடையின்றி உள்ளே இறங்குக. உங்கள் வாசலில் உள்ள நீர் தெளிந்தே இருக்க. உங்கள் வீட்டு வெளிச்சத்துக்காக எவருடைய வாசலும் இருளாதிருக்க. நஞ்சை ஏற்றவன் உங்களைக் காக்க.